கருப்பட்டியும் பீட்ரூட்டும், நடுவில் ஒரு டீயும்

பனியன் கம்பெனியில் நான் வேலை பார்த்த செக்கிங் மேசையில், குவிந்த பனியன்களுக்குப் பக்கத்தில், செய்தித்தாளில் பொதிந்த கருப்பட்டித் துண்டு ஒன்று இருக்கும். எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் வைத்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். நான் முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்தேன்; உடம்பில் ரத்தம் மிகவும் குறைவு என்று சொல்லியிருந்தார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு சற்றுக் கூடினாலும் என் உடம்பு தாங்காது என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார் டாக்டரம்மா. அன்று முதல் எனக்கு வைத்தியம் பார்க்க இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள்.

ஒருவர் இந்த அண்ணன். இன்னொருவர் என் மாமியார். திருப்பூர் ராயபுரத்து வீட்டில் விடிந்ததும் பீட்ரூட்டை அரைத்துப் பிழிந்து, டம்ளர் காலியாகும்வரை என் எதிரிலேயே நிற்பார். "கருப்பட்டி சூடு கண்ணு, வவுத்துப் புள்ளைக்கு ஆகாது. இதக் குடி, நெறத்தப் பாத்தியா, அப்படியே ரத்தம்" என்பார். இதைப் போய் அண்ணனிடம் சொன்னால், "ஊர்ல சாயப்பட்டறை பத்தாதுன்னு வயித்துக்குள்ளயும் சாயமா? கருப்பட்டியக் கடி தங்கச்சி, அதுலதாம்லா இரும்பு இருக்கு" என்பார். யார் மனத்தையும் நோகடிக்க மனம் வராமல் இரண்டையும் விழுங்கினேன். ரத்தம் மட்டும் ஏறவே இல்லை. அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா முகம் சுளித்தார்.

இந்த இரண்டில் எது நல்லது என்று கூட வந்திருந்த அத்தையே அவரிடம் கேட்டுவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பீட்ரூட் சாற்றில் ஃபோலிக் சத்து நன்றாக இருக்கிறது, ஆனால் நிறத்தில் தெரிகிற அளவுக்கு இரும்பு இல்லை என்றார். கருப்பட்டியில் இரும்பு கொஞ்சம் உண்டு, மற்றபடி அதுவும் சர்க்கரைதான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாத்திரைய எதுகூடப் போடறீங்க?" என்று கேட்டார். "டீகூடத்தானுங்க" என்றேன். கம்பெனியில் டீ மணி அடித்தால்தான் கை ஓயும். மாத்திரை போடுகிற பெண்கள் எல்லாரும் அப்போதுதான் போடுவோம். "அந்த டீதாங்க இரும்ப உடம்புல சேர விடாமப் பண்ணுது. பிரசவம் வரைக்கும் டீய விட்டுட்டு, மாத்திரைய எலுமிச்சைத் தண்ணியோட போடுங்க" என்றார்.

மறுநாள் இதைக் கேட்டதும் அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. ஷிப்மென்ட் நெருக்கும் நேரத்திலும், டீ மணிக்கு வெகு முன்பே எலுமிச்சைத் தண்ணீரோடு மாத்திரை போட என்னை மேசையை விட்டு எழுப்பிவிட்டார். எல்லாரும் டீ குடிக்கும்போது எனக்கு நாக்கு ஊறும். அதைக் கவனித்தவர், "எனக்கும் வேண்டாம்" என்று தன் டம்ளரைத் தள்ளி வைத்தார். டீ இல்லாவிட்டால் தலைவலியில் எரிந்து விழுகிற மனிதர் அவர். எங்கள் மேசையே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்தத் திட்டுகளுக்கும் சேர்த்தே நான் நன்றி சொல்ல வேண்டும். மெல்ல ரத்தம் ஏறியது.

பிரசவத்தில் பயந்தபடியே ரத்தப்போக்கு கூடத்தான் செய்தது, உடம்பு தாங்கிக்கொண்டது. இன்று என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். அவள் பிறந்த அன்று மாலை, வேலை முடிந்து, பனியன் பஞ்சு தலையெல்லாம் ஒட்டியிருக்க, அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்டார்.

"நல்லா இருக்கறாங்க சாமி" என்றார் அத்தை.

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். "அப்போ எனக்கு ஒரு டீ வாங்கித் தாங்கம்மா" என்றார்.