கார் ஏசியில் கவிச்சி

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். ஐஸ் பேக்டரி மிஷின்களும், பணக்கார வீட்டு ஃபிரிட்ஜுகள் சிலவும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. கார் ஏசியை அந்தப் பக்கத்தில் பலர் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனால் மாமல்லபுரம் கடற்கரையில் பங்களா கட்டியிருந்த மெட்ராஸ்காரர் ஒருவரிடம், ஏலத்தில் எடுத்த பெரிய அமெரிக்கக் கார் இருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் ஏசி பெட்டி தொங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது படுத்துவிடும். பட்டறை முதலாளி என்னைத்தான் அனுப்புவார்.

காரணம் எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று அவர் காரை அலைக்கு எதிரே வெட்டவெளியில் நிறுத்துவார். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரை, அதாவது ஏசியின் சூட்டை வெளியே விடும் குழாய்களை, உப்புக்காற்று அரித்துத் தின்னும். “ஷெட்டுல விடுங்க சார். வாரத்துக்கு ஒரு தடவ நல்ல தண்ணி ஊத்திக் கழுவச் சொல்லுங்க” என்று மூன்று முறை சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் ஒரே பதில்தான். “நீ உன் வேலையப் பாரு.”

அந்த வருஷம் கத்திரி வெயிலில் மறுபடி கூப்பிட்டார்கள். இரண்டு நாள் வேலை. சோப்பு நுரையைத் தடவித் தடவிப் பார்த்து, ஊசிமுனை அளவில் இரண்டு ஓட்டைகளைப் பிடித்துப் பற்றவைத்தேன். கையோடு கொண்டுபோன பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஒன்றைப் பம்ப்பாக மாட்டி, பைப்புக்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு கேஸ் ஏற்றினேன். பெட்டியிலிருந்து ஜில்லென்று காற்று வந்ததும் அவரே சாவியைக் கொடுத்தார்.

“பத்து மைல் ஓட்டிப் பாத்துட்டு வா. கூலிங் நிக்கணும்.”

திருக்கழுக்குன்றம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். உச்சி வெயில். ரோட்டோரம் ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் இரண்டு மீன்கூடைகள். இன்னொருத்தி நடு ரோட்டுக்கு ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டி வண்டியை மறித்தாள்.

“அண்ணாத்த, நிறுத்து! எங்க அக்கா வுழுந்துட்டா. பேச்சே காணோம்.”

இறங்கித் தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. கண் செருகியிருந்தது. நாற்றம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றவில்லையாம். குப்பத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள்.

அப்போது நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். டிக்கியைத் திறந்து, என் சாமான் கட்டி வந்த சாக்கை எடுத்து முன் சீட்டில் விரித்தேன். சீட்டு பாழாகிவிடுமே என்ற பயம். தங்கைக்காரி அதைப் பார்த்தாள்.

“நல்லா விரிச்சுப் போடு அண்ணாத்த. மீனு விக்கிறவதானே.”

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு என் மேல் வந்த கோபம் இன்றுவரை தணியவில்லை. படாளம் பக்கத்து வயல்களில் கூலிக்குக் குனிந்த அப்பனுக்கும் அம்மாவுக்கும் பிறந்தவன் நான். எனக்குத் தனிக் குவளையில் டீ கொடுத்த கடைகளை எனக்குத் தெரியும்.

சாக்கை உருவி ரோட்டில் எறிந்தேன். அக்காவைத் தங்கை மடியில் சாய்த்து உட்காரவைத்தோம். ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரை அவள் தலையிலும் புடவையிலும் ஊற்றினேன். கூடைகளை டிக்கியில் ஏற்றினேன். ஏசியை முழுசாகத் திருப்பி, காற்று அவள் முகத்தில் அடிக்கும்படி வைத்துச் செங்கல்பட்டுக்கு விட்டேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, “எதுல கொண்டாந்தீங்க?” என்று கேட்டார். சொன்னேன். “அந்தக் குளிருதான் உயிரப் பிடிச்சு வச்சிருக்கு. மாட்டு வண்டியில வந்திருந்தா வழியிலயே முடிஞ்சிருக்கும்” என்றார்.

பங்களாவுக்குத் திரும்பும்போது மணி மூன்று. அவர் வாசலிலேயே நின்றிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கார்க் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மூக்கை உறிஞ்சினார்.

“என்னய்யா நாத்தம் இது? ஏசிக்குள்ள ஏறிட்டா போகுமா?”

அவள் பிழைத்தாளா என்று அடுத்து கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொன்னேன். “உயிர் பொழைச்சிக்கும்னு டாக்டர் சொன்னாரு சார்.”

“அத யாரு கேட்டா? கண்டவங்கள ஏத்தவா உன்கிட்ட சாவி குடுத்தேன்? சாயந்தரம் கெஸ்ட் வர்றாங்க. முழுசா கழட்டிக் கழுவு.”

ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். கேஸ் பைப்பைத் தொடாமல் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே குளிர் தரும் காயிலில் சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன். அடியில் வைத்த பேசினில் டிகாக்‌ஷன் நிறத்தில் அழுக்கு வடிந்தது. ஜன்னலை ஏற்றி மூடிக்கொண்டு அவர் பிடித்த சுருட்டின் கறை, வருஷக்கணக்கில் காயிலில் படிந்தது. அதன் நெடி மூக்கில் ஏறியது.

பேசினைத் தூக்கிக்கொண்டு போய், வராந்தாவில் அவர் நாற்காலிக்கு எதிரே வைத்தேன்.

“மோந்து பாரு சார். இதுல மீனு எங்க கீது? அத்தினியும் உன் சுருட்டு.”

‘உன்’ என்று அவரை ஒருமையில் பேசியது தெரிந்தேதான். அவர் முகம் சிவந்தது. “வெளிய போடா” என்று கத்தினார். மூடியை மாட்டி, திருகு எல்லாவற்றையும் முடுக்கி, குளிர் வருகிறதா என்று பார்த்த பிறகே போனேன். வேலையில் குறை வைத்தான் என்று அவர் சொல்லக் கூடாது.

நான் பட்டறைக்குப் போவதற்குள் போன் வந்துவிட்டது.

“இன்னாய்யா பண்ணிட்டு வந்துகீற?” என்றார் முதலாளி. “காலைல போய் மன்னிப்பு கேளு.”

“எதுக்கு?”

“வாடிக்கை போயிடும்யா.”

“உசுரு போயிருக்கும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. மறுநாள் நான் பட்டறைக்குப் போகவில்லை. ஒரு மாதம் அலைந்து திரிந்து, கல்பாக்கம் அணுமின் நிலையக் கட்டட வேலையில் கூலிங் மிஷின் பார்க்கிற ஆளாகச் சேர்ந்தேன்.

அங்கே சந்தையில் ஒரு நாள் அந்த அக்காவைப் பார்த்தேன். சங்கரா மீனைக் கூறு கட்டி வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைத் தெரியாது; காரில் அவளுக்கு நினைவே இல்லையே. நான் விலையைக் குறைத்துக் கேட்டேன்.

“போ அண்ணாத்த, காலைல வந்து பேஜாரு பண்ணாத” என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள்.

அவள் சொன்ன விலையையே கொடுத்து வாங்கினேன்.