அம்மாவை எரித்துவிட்டுச் சொன்னார்கள்

அம்மா செத்த செய்தி எனக்கு வந்தபோது, அவளை எரித்து முடித்திருந்தார்கள்.

நான் வெளிநாட்டில் வானியற்பியல் ஆராய்ச்சி செய்கிறவள். பிரபஞ்சத்தில் முதன்முதலாக எரிந்த விண்மீன்களையும், அவை கூடி உருவான முதல் விண்மீன் மண்டலங்களையும் தேடுவது எங்கள் குழுவின் வேலை. ஆயிரத்து முந்நூறு கோடி வருடங்களுக்கு மேல் பயணம் செய்த ஒளி, தொலைநோக்கியில் மங்கலான சிவப்புப் புள்ளியாக விழும். அப்படி ஒரு புள்ளியின் தூரத்தை உறுதிசெய்யும் நிறமாலைக்குக் காத்திருந்த வாரத்தில் அண்ணன் போன் செய்தான்.

"அம்மாளுக்கு லேசா பக்கவாதம். சேலத்துல பாக்கறோம். நீ உன்ற வேலையப் பாரு சாமி."

அவனுடைய அடுத்த போன் சாவுச் செய்தி.

திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தன் போர்வெல் ரிக் லாரி நிழலில் பங்காளிகளோடு உட்கார்ந்திருந்தான்.

"ஏண்ணா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

கையிலிருந்த காப்பியை அவன் கீழே வைக்கவில்லை. "நீ வந்தா உன்ற ஊட்டுக்காரனும் வருவான். வேத்துச் சாதிக்காரன் வந்து நின்னா நம்ம சனம் ஒருத்தரும் எழவுல நிக்க மாட்டாங்க." பிறகு சிரித்தான். "கோடி வருசத்துக்கு முந்துனதப் பாக்கறவளுக்கு ரெண்டு நாள் பெருசா?"

பங்காளிகளும் சிரித்தார்கள். சாம்பலைக் கேட்டேன். பவானி கூடுதுறையில் கரைத்தாகிவிட்டதாம்.

சமையலறையில் அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "அத்தைக்குப் பேச்சு கொழறிருச்சுங்க. உங்க பேரு மட்டும் தெளிவா வந்துச்சு. பேசட்டும்னு போனை எடுத்தேன். அவரு புடுங்கி வெச்சுக்கிட்டாரு."

திரும்பிப் போன பிறகு நிறமாலை வந்தது. புள்ளி உண்மையாகவே முதல் மண்டலங்களில் ஒன்று. குழுவினர் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தமிழ்ச் செய்தித்தாள்களில் என் படம் வந்தது.

அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரின் படத்தை அனுப்பினான். பட்டமளிப்பு அங்கியில் நான். பக்கத்தில் என்னைவிடப் பெரிதாக, கைகூப்பியபடி அவன். 'வானை வென்ற எங்கள் குலக்கொடி.' உடனே போனிலும் கூப்பிட்டான்.

"பாத்தியா சாமி? கோயில் நோம்பிக்கு வா, மேடை போட்டு மாலை போடறோம். தனியா வந்துரு."

"அம்மா என் பேரைச் சொன்னப்ப எதுக்குண்ணா போனைப் புடுங்குன?"

"ஓஹோ, அவ சொன்னாளா?" என்றான். வைத்துவிட்டான்.

நோம்பிக்கு நான் போகவில்லை. அதற்கு முந்தைய வாரமே அண்ணியை அடித்துப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தான். ஃப்ளெக்ஸ் மட்டும் பேருந்து நிலையத்தில் நோம்பி முடியும்வரை இருந்ததாகச் சொன்னார்கள்.