ஒரு குறையாச்சும் சொல்லுங்க

எங்க தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவுக்குள்ள நான் மொத மொதல்ல முன்வாசல் வழியாப் போனது போன வருசம் மழைக் காலத்துல. அதுக்கு முந்தி எத்தனையோ வாட்டி போயிருக்கேன். வெறகு போடப் போயிருக்கேன், ரோசாச் செடி வெட்டப் போயிருக்கேன், ஒருவாட்டி தொரையோட நாய் செத்துப்போச்சுன்னு குழி தோண்டப் போயிருக்கேன். எல்லாம் பின்னால சமைக்கிற எடம், குசினிப் பக்கம்தான். அந்த நாய்க்கு வெள்ளைத் துணியெல்லாம் சுத்திக் குடுத்தாங்க. நல்ல நாய். எங்கள மாதிரி ஆளுங்களப் பாத்தா மட்டும் கொரைக்கும்.

இப்ப அந்தப் பங்களாவுல தொரை கெடையாது. இப்ப தோட்டத்துக்கு மேனேஜரா இருக்குற தொரை ஆபீசுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வீட்டுல இருக்காரு. மோட்டார் சைக்கிள்ல போறாரு. பங்களாவ கொழும்புச் சிங்களத்தம்மா ஒருத்தவங்க, நோனான்னுதான் கூப்புடுவோம், குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குற எடமா மாத்தியிருக்காங்க. வெளிய பலகை போட்டிருக்கு. ராணி காலத்துப் பங்களான்னு எழுதியிருக்குன்னு சொன்னாங்க. எந்த ராணின்னு கேட்டேன். பழைய ராணியாம். சரின்னுட்டேன்.

நாங்க அங்க தங்கப் போனது மருமகளுக்காக. மகன் கொழும்புல ஒரு இரும்புக் கடையில நிக்கிறான், தீவாளிக்கும் பொங்கலுக்கும் வருவான். மருமக நாலஞ்சு வருசம் கொழுந்து எடுத்துட்டு, அப்பறம் பங்களாவுல கூட்டித் தொடைக்கிற வேலைக்குப் போனா. படிச்ச புள்ள. சிங்களம் நல்லாப் பேசுவா, இங்கிலீசும் ஒரு மாதிரி சமாளிப்பா. வந்து தங்குறவங்களப் பாத்துக்க பொறுப்பா ஒரு ஆள் வேணும்னு நோனா சொன்னதும், எனக்குத் தாங்கன்னு வாய்விட்டுக் கேட்டுட்டா.

அந்த வேலை கெடைக்கலன்னா குவைத்துக்குப் போறதுன்னு முடிவு. வீட்டு வேலைக்கு. பாஸ்போட் எடுத்து ட்ரங்குப் பெட்டியில வச்சாச்சு. ஹட்டன்ல இருக்குற ஏஜென்சிக்காரன் நாள் தவறாமப் போன் பண்ணிக்கிட்டு இருந்தான். பேத்திக்கு அஞ்சு வயசு. அந்தப் புள்ள பாஸ்போட்ட எடுத்துப் பாத்துட்டு, "தாத்தா, அம்மா ஏன் இதுல மொறைக்குது?"ன்னு கேக்கும். சர்க்காரு போட்டோவுல எல்லாரும் மொறைக்கத்தான் செய்யணும்னு நான் சொல்லுவேன். வேற என்னத்தச் சொல்றது.

நோனா மருமகளக் கூப்புட்டு ஒன்னு சொல்லியிருக்காங்க. "வெளியாளுங்க வர்றதுக்கு முந்தி ஒங்க வீட்டாளுங்க ரெண்டு பேரக் கொண்டாந்து ஒருநாள் தங்க வை. சும்மாதான். ஆனா அவங்க விருந்தாளி மாதிரி இருக்கணும். குறை சொல்லணும். குறை சொல்றவங்கள நீ எப்புடிச் சமாளிக்கிறேன்னு நான் பாக்கணும். சிரிச்சுக்கிட்டு வர்றவங்கள யாரும் சமாளிப்பாங்க."

அத மருமக வந்து சொன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. குறை சொல்றதுக்கு ஆள் தேடி எங்க வீட்ட விட்டு வெளிய போக வேண்டியதில்ல. என் சம்சாரம் காலையில எந்திரிச்சா தேத்தண்ணியில சாயம் இல்லம்பா, ரொட்டி வேகலம்பா, வெளக்குமாத்த ஏன் இந்த மூலையில வச்சேம்பா. மருமகளும் லேசுப்பட்டவ இல்ல. "அந்த மூலைக்கு அது போரடிச்சுப் போச்சாம் அத்த"ன்னு பதில் சொல்லுவா. இப்புடியே பொழுது போகும். லயத்து வரிசை வீட்டுல எங்க காம்பராவுல டிவி ரிப்பேராகி ரெண்டு வருசம் ஆச்சு, யாரும் அதப் பத்திக் கவலப்படல.

சனிக்கிழமை மத்தியானம் பேத்தியப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனோம். நான் குசினிப் பக்கம் திரும்பிட்டேன். கால் தானாத் திரும்புது. சம்சாரம் பிடிச்சு இழுத்தா. முன்வாசல்ல மருமக வெள்ளச் சட்டை போட்டு நிக்கிறா. ரெண்டு கையையும் கூப்பி, "வணக்கம், வாங்க சார், வாங்க மேடம்" அப்புடிங்குறா. சம்சாரம் பின்னால திரும்பி மேடம் யாருன்னு பாத்தா.

கூடத்துல ஒரு வெள்ளக்காரத் தொரையோட படம் பெருசா மாட்டியிருந்துச்சு. மீசை இருந்துச்சு. நோனா என்னப் பாத்து, "இவரத் தெரியுமா ஐயா, இந்தத் தோட்டத்துல இருந்தவரா?"ன்னு சிங்களத்துல கேட்டாங்க. நான் கிட்டப் போயிப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச தொரைங்க யாருக்கும் அந்த மீசை இல்ல. தெரியாது நோனான்னேன். "எனக்கும் தெரியாது, கொழும்புல பழைய சாமான் கடையில வாங்குனேன்"னாங்க. அப்பறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அவரையே பாத்துக்கிட்டு நின்னோம்.

எங்களுக்குக் குடுத்த ரூம்புல ஒரு கட்டில் போட்டிருந்தாங்க. லயத்துல அதுல ஒரு குடும்பம் படுக்கலாம். சுவத்துல சிமினி, உள்ள வெறகு எரியுது. கட்டிலுக்கு மேல, தலமாட்டுல, ஒரு கவ்வாத்துக் கத்திய ஆணி அடிச்சு மாட்டியிருந்தாங்க. தேயிலை மரத்த வெட்டி விடுற வளைஞ்ச கத்தி. நான் கவ்வாத்து வெட்டுன ஆளு. அந்தக் கத்திய வாழ்நாளெல்லாம் கையில புடிச்சிருக்கேன், ஆனா தலைக்கு மேல வச்சு ஒருநாளும் தூங்குனதில்ல. எனக்குத் தெரிஞ்சு யாரும் தூங்குனதில்ல. ஆணி பலமா இருக்கான்னு தொட்டுப் பாத்தேன். ஆடுச்சு.

ராத்திரி சாப்பாடு மேசையில. அத அப்புறம் சொல்றேன், சூப்புன்னு ஒன்னு குடுத்தாங்க. இல்ல, அதுல சொல்ல ஒன்னும் இல்ல. சுடுதண்ணிதான்.

சம்சாரம் கட்டில்ல ஏறிப் படுத்தா, உள்ள முங்கிட்டா. கொஞ்ச நேரத்துல எறங்கி, கம்பிளிய விரிச்சுத் தரையில படுத்துட்டா. நான் தலையக் கால்மாட்டுல வச்சு, காலக் கத்திக்குக் கீழ வச்சுப் படுத்தேன். போனா கால் போகட்டும்னு.

காலையில ஆளெண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்குக் கெளம்புற நேரத்துக்கு ரெண்டு பேருக்கும் முழிப்பு வந்துருச்சு. பெரட்டுக்கு ஆளக் கூப்புடுறது நின்னு எத்தனையோ காலமாச்சு, ஒடம்புக்கு அது தெரியல. சும்மா உக்காந்திருக்க முடியுமா? சம்சாரம் மெத்தையத் தட்டி, துணிய மடிச்சு, அறையக் கூட்டிட்டா. நான் சிமினிச் சாம்பல அள்ளி வெளிய கொண்டுபோயி ரோசாச் செடிக்குப் போட்டுட்டு வந்தேன். மருமக தட்டுல தேத்தண்ணியத் தூக்கிக்கிட்டு உள்ள வர்றா, எல்லாம் பளபளன்னு இருக்கு. அப்புடியே நின்னுட்டா.

"அத்த, இப்ப நான் என்னத்தச் செய்றது?"

"நீ ஒன்னும் செய்ய வேணாம், எல்லாம் செஞ்சாச்சு. போயிக் கொஞ்சம் ஒக்காரு."

"ஒக்காரவா? நோனா வர்றாங்க அத்த! படுங்க. ரெண்டு பேரும் திரும்பப் படுங்க. மாமா, நீங்களும்."

சேலையெல்லாம் நல்லாக் கட்டிக்கிட்டு சம்சாரமும், கம்பிளி போட்ட கோலத்துல நானும் கட்டில்ல ஏறிப் படுத்தோம். மருமக துணிய இழுத்துக் கலைச்சு விட்டா. நோனா எட்டிப் பாத்து, "நல்லாத் தூங்குனீங்களா?"ன்னாங்க. கண்ண மூடிக்கிட்டே, நல்லாத் தூங்குறோம் நோனான்னேன்.

காலச் சாப்பாட்டுக்கு நோனாவே பக்கத்துல வந்து நின்னு கேட்டாங்க. "அம்மா, ஏதாச்சும் குறை?"

சம்சாரம் சொல்றா, "ஒன்னும் இல்ல நோனா. எல்லாம் தங்கம்."

"தேத்தண்ணி?"

"தங்கம்."

அந்தத் தேத்தண்ணிக்குள்ள கப்போட அடி தெரியுது. வீட்டுல அப்புடி ஊத்திக் குடுத்திருந்தா அன்னிக்குப் பக்கத்து லயத்து ஆளுங்கெல்லாம் வேடிக்கை பாக்க வந்திருப்பாங்க.

நோனா என்னத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாங்க. "ஐயா, இது சரிவராது. மத்தியானம் வரைக்கும் பாப்பேன். ஒரு குறையாச்சும் சொல்லுங்க. இல்லன்னா ஒங்க மருமக குறைய எப்புடித் தாங்குவான்னு எனக்கு எப்புடித் தெரியும்? நுவரெலியாவுல இருந்து ஒரு புள்ள திங்கக்கிழமை வருது. ஹோட்டல் வேலைக்குன்னே படிச்ச புள்ள."

நான் வந்து சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். அவ ஒத்துக்கல.

"நீங்க பேசாம இருங்க. குறை சொன்னா வேலை குடுப்பாங்களா? எந்த ஊர்ல நடக்குது? நான் ஒன்னு சொல்லி, அந்தப் புள்ள குவைத்துக்கு ஏறிப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"வீட்டுல சொல்றியே."

"வீட்டுல வேலையவிட்டு யாரு நிப்பாட்டுறா?"

அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்குற மாதிரிதான் இருந்துச்சு. இருந்தாலும் நோனா முகத்தப் பாத்தா வெளையாட்டுக்குச் சொல்றவங்க மாதிரித் தெரியல. சரி, நானே சொல்லிருவோம்னு எந்திரிச்சேன்.

குறைன்னா எப்புடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியும். கிழமைக்கு ஒருநாள் சாயந்தரம் தொரை ஆபீசுக்குள்ள ஒக்காந்திருப்பாரு, ஜன்னல் தொறந்திருக்கும். நாங்க வெளிய நிப்போம். தலையில கட்டியிருக்குறத அவுத்துருவோம், கம்பிளிய மடிச்சுத் தோள்ல போடுவோம். காம்பராவுல கூரை ஒழுகுதுங்க தொரைன்னு ஜன்னல் வழியாச் சொல்லணும். மழை பேஞ்சா மழையிலதான் நிக்கணும். கூரை ஒழுகுறவனுக்கு அது ஒன்னும் பெருசாத் தெரியாது. வேற மாதிரி குறை சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல.

அதுனால நான் குசினி வழியா வெளிய போயி, சுத்தி வந்து, மருமக கணக்குப் பாக்குற மேசைக்கு நேரா இருக்குற ஜன்னலுக்குக் கீழ நின்னேன். தொப்பியக் கழட்டி, கம்பிளிய மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டேன். தூறல் போட்டுச்சு. நோனா அந்தப் பக்கம் பிரம்பு நாக்காலியில ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க.

மருமக ஜன்னலத் தொறந்தா. "மாமா! அங்க என்னா செய்றீங்க? நனையிறீங்க."

"ஒரு குறை சொல்லணும்."

"உள்ள வந்து சொல்லுங்க."

"உள்ள வந்தா சொல்ல வராது புள்ள."

அவ ஒரு நிமிசம் என்னப் பாத்தா. ஜன்னலச் சாத்துனா. போச்சுடான்னு நெனச்சேன். பாத்தா, கொடைய விரிச்சுக்கிட்டு முன்வாசல் வழியா எறங்கி வந்து எனக்குப் பக்கத்துல நிக்கிறா. கொடை பூராவும் என் பக்கம். அவளோட வெள்ளச் சட்டை ஒரு தோள் நனையுது. "சொல்லுங்க சார்"னா.

குறை சொல்ற எடத்துக்கு ஒருத்தர் எறங்கி வந்து நின்னத நான் பாத்ததில்ல. சொல்ல வந்தது கொஞ்சம் மறந்து போச்சு. அப்பறம் கத்திய நெனச்சுக்கிட்டேன்.

"தலமாட்டுல கவ்வாத்துக் கத்தி தொங்குது. ஆணி ஆடுது."

"மன்னிச்சுக்கங்க சார். இப்பவே எறக்கிர்றேன். வேற ஏதாச்சும்?"

வேற ஏதாச்சும்னு அவ கேட்டது ரூம்பு ஜன்னல்ல நின்ன சம்சாரத்துக்குக் கேட்டுருச்சு. மன்னிச்சுக்கங்கன்னு சொன்னதும் கேட்டிருக்கும். அந்த வார்த்தைய மருமக வாயில இருந்து அவ அதுவரைக்கும் கேட்டதில்ல. வெறுங்காலோட தூறல்ல எறங்கி வந்துட்டா.

"தேத்தண்ணியா அது? கப்போட அடியில இருக்குற பூவெல்லாம் தெரியுது."

"மன்னிச்சுக்கங்க மேடம். சாயம் நல்லா எறக்கிக் கொண்டார்றேன்."

"முட்டையில உப்பு இல்ல."

"சரிங்க மேடம்."

"அந்தக் கட்டில்ல மனுசன் படுப்பானா? சேத்துல எறங்குன மாதிரி இருக்கு."

"பலகை வச்சுத் தர்றேன் மேடம்."

சம்சாரத்துக்குச் சந்தோசம் தாங்கல. குளிக்கிற தொட்டியச் சொன்னா, லயத்துல தண்ணி கொட்டுற பீலியில நின்னு குளிக்கிறதுல பாதிகூட வராதுன்னா. மீசைத் தொரை ராத்திரி மொறைக்கிறாருன்னா. கடைசில பங்களாவ விட்டுட்டு வீட்டுக்கே வந்துட்டா. "வெளக்குமாத்த ஏன் அந்த மூலையில வைக்கிற?"

மருமக ஒதடு லேசாத் துடிச்சுச்சு. பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது எனக்கே தெரிஞ்சுச்சு. முழுங்கிட்டா.

"இனிமே மாத்தி வைக்கிறேன் மேடம். நனையிறீங்க, உள்ள வாங்க, தேத்தண்ணி தர்றேன்."

நோனா நாக்காலியில இருந்து எந்திரிச்சு என் பக்கத்துல வந்தாங்க. "ஐயா, இந்தம்மா வீட்டுலயும் இப்புடித்தானா?"

"வீட்டுல இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்லுவா நோனா."

நோனா உள்ள போயி நுவரெலியாவுக்குப் போன் பண்ணி, திங்கக்கிழமை வர வேணாம்னு சொன்னாங்க. சாயம் எறக்குன தேத்தண்ணி வந்துச்சு. நல்லா இருந்துச்சு.

அன்னிக்குச் சாயந்தரம் காம்பராவுல மருமக தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா. சம்சாரம் ஒரு வாய் குடிச்சுட்டு, சாயம் பத்தலன்னா.

"பங்களாவுக்கு வாங்க அத்த, மாத்தித் தர்றேன். இங்க இதுதான்."

"பாத்தீங்களா இவ வாய?"ன்னு சம்சாரம் என்னக் கேட்டா. கேட்டுட்டு எல்லாத்தையும் குடிச்சுட்டா.

ஒரு மாசம் கழிச்சு நோனா எனக்கு ஆள் அனுப்பி, வெளிநாட்டுக்காரங்க வந்திருக்காங்க, அந்த ஜன்னலுக்குக் கீழ கம்பிளியோட வந்து கொஞ்சம் நிக்க முடியுமான்னு கேட்டாங்க. போட்டோ எடுக்கவாம். எனக்கு இப்ப குறை ஒன்னும் இல்லன்னு சொல்லி அனுப்புனேன்.

பாஸ்போட் ட்ரங்குப் பெட்டியிலயே கெடக்கு. பேத்தி அப்பப்ப எடுத்து, அம்மா இன்னும் மொறைக்குதுன்னு சொல்லிட்டு வச்சிரும். ஏஜென்சிக்காரன் மறுபடி போன் பண்ணுனான். சம்சாரம்தான் எடுத்தா. என்ன பேசுனான்னு தெரியல, இவதான் ரொம்ப நேரம் பேசுனா. அவன் குரல் சரியில்ல, அவன் ஆபீசுப் படிக்கட்டு சரியில்ல, போன மொறை போனப்ப குடிக்கத் தண்ணி தரலன்னு ஒவ்வொன்னாச் சொல்லிக்கிட்டு இருந்தா. அதுக்கப்பறம் அவன் போன் பண்ணல.