நண்பனுக்கு நான் கொடுத்த முட்டிவலி

சென்ற ஆண்டு தை முதல் சித்திரை வரை, எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஷட்டில் ஆடினோம். ஒரு வாரம் பெரம்பலூர், மறுவாரம் அரியலூர். பள்ளி பெரம்பலூரில்தான். ஆனால் படித்தவர்களில் பாதிப் பேர் வேலை, சம்பந்தம், சிமெண்டு ஆலை என்று அரியலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களையும் விட்டுவிடக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. அந்தப் பந்தயங்களின் நடுவே என் நண்பனை ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பியவன் நான். எனக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். சின்ன வயது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

அவன் லப்பைக்குடிக்காட்டுக்காரன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் வளைகுடா போனான். ஒரு துணிக்கடையில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டுத் திரும்பினான். இப்போது அவன் மகன் அங்கே இருக்கிறான். பள்ளியில் நாங்கள் மாலையில் விளையாடிக்கொண்டிருக்கும்போது இவன் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பான். மட்டையைத் தொட்டவனே இல்லை. நான்தான் அவனை இழுத்தேன். “சும்மா வூட்டுல உட்கார்ந்து என்னடா பண்றே, வா” என்றேன். வந்தான். மகன் அங்கிருந்து நல்ல மட்டையும் வெள்ளைக் காலணியும் அனுப்பிவைத்தான்.

பெரம்பலூரில் நாங்கள் ஆடிய இடம் முன்பு பருத்திக் குடோனாக இருந்தது. மேலே தகரம், கீழே பச்சை விரிப்பு. அங்கே என் நண்பன் ஈ அடிப்பதைப் போல மட்டையை வீசுவான். ஷட்டில் கீழே விழுந்த பிறகுதான் கை மேலே போகும். எதிராளி நன்றாக அடித்துவிட்டால் “மாஷா அல்லாஹ், என்னமா அடிக்கிறாரு!” என்று நின்று ரசிப்பான். அவனும் நானும் ஒரே ஜோடி; வாராவாரம் தோற்றோம். அவனுக்கு அது உறைக்கவே இல்லை. எனக்கு உறைத்தது.

அறுபது தாண்டியவர்களுக்கென்று இரட்டையர் பிரிவு ஒன்று இருந்தது. அதில் ஒரு கண்டிப்பான விதி: தையில் சேர்ந்த ஜோடி சித்திரை வரை மாறக் கூடாது. பந்தயம் தொடங்கிய முதல் வருஷம் அப்படி விதி இல்லாமல், நன்றாக ஆடுகிறவனை ஆளாளுக்கு இழுத்து, கடைசியில் ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இன்னொரு வீட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டது. அதன் பிறகு வந்த விதி இது. உடம்புக்கு முடியாமல் ஒருவர் விலகினால் மட்டும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மாசி பிறந்ததும், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அரியலூருக்குக் குடிவந்தார். எங்களுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர். மாவட்ட அளவில் ஆடிய கை. ஒரு ஞாயிறு வந்து, ஜோடி இல்லாமல் ஓரமாக நின்றார். பந்தயங்களை நடத்துகிறவர் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதுக்காரர். அன்று ஆட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அண்ணே, பாய் எப்படி இருக்காரு? ஒடம்பு கிடம்பு முடியலன்னா சொல்லுங்க. நாம யாரையும் நிறுத்த முடியாது. விதி அப்படி.”

அவர் கண் வங்கிக்காரரின் பக்கம் போய்த் திரும்பியது. எனக்குப் புரிந்தது.

“முட்டி வலின்னு சொல்லிக்கிட்டிருந்தான்” என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. எப்போதோ ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ‘யா அல்லாஹ், முட்டி!’ என்றிருக்கிறான். எங்கள் வயதில் சொல்லாதவன் யார்? அந்தத் துளியை வைத்துக்கொண்டு நான் அவ்வளவையும் செய்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. முட்டி வலி காரணமாக அவர் இந்தப் பருவத்தில் ஓய்வெடுக்கிறார், அவருக்குப் பதில் இன்னார் ஆடுவார் என்று. உடனே கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. ஒருவர் பிரண்டைத் துவையல் சாப்பிடச் சொன்னார். ஒருவர் திருமானூரில் எண்ணெய் கட்டுகிற வைத்தியர் இருக்கிறார், கையோடு கூட்டிப் போகிறேன் என்றார். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவன் இப்போது எழுதுவான், ‘எனக்கு ஏதுடா வலி?’ என்று கேட்பான் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவன் பதில் வந்தது. “ஆமா, கொஞ்சம் வலிதான். எல்லாரும் துஆ செய்யுங்க.”

படித்ததும் எனக்கு உடம்பு கூசியது. அவன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு என்னைக் காப்பாற்றிவிட்டான். அப்போதே எழுந்து அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நாளைக்குப் பேசலாம் என்று படுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அரியலூர். வழக்கம்போல் என் காரில்தான் வந்தான். குன்னம் தாண்டியதும் சாலையில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். எதிரே தார்ப்பாய் கட்டிய சிமெண்டு லாரி. கல்லை நகர்த்தினால்தான் ஒதுங்க முடியும். நான் இறங்குவதற்குள் அவன் குதித்து இறங்கி, கல்லைத் தூக்கித் தள்ளி வைத்து, லாரி போனதும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்து ஏறினான். மூச்சுகூட வாங்கவில்லை. முட்டியைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெங்காய விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். அரியலூரில் ஆடுகளத்து வாசலில் இறங்கினான். இறங்கியதும் இடது காலைச் சாய்த்து நொண்டத் தொடங்கினான். காருக்குள் கண்ணாடியில் அதைப் பார்த்தேன்.

அதன் பிறகு வாராவாரம் இது நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்களுக்குப் புள்ளி சொல்லுவான். நானும் வங்கிக்காரரும் ஜெயிக்க ஆரம்பித்தோம். நான் நல்ல அடி ஒன்று அடித்தால் முதல் கைத்தட்டு அவனுடையதுதான். அது என்னை அரித்தது. ஆனால் ஜெயிப்பது பிடித்தும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை.

ஒருமுறை அவன் வலது காலை நொண்டிக்கொண்டு வந்துவிட்டான்.

“பாய், போன வாரம் இடது காலு இல்ல?” என்று பூச்சிமருந்துக் கடைக்காரர் கேட்டார்.

“அது ஆறிடுச்சுங்க. சும்மா இருக்க வேணாமேன்னு இது ஆரம்பிச்சுருச்சு.”

“ஏன் பாய், ரெண்டும் முறை போட்டு வலிக்குதா?”

“ஆமாங்க. ஒரு வாரம் பெரம்பலூர், ஒரு வாரம் அரியலூர். நீங்க போட்ட அட்டவணைதானே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் என்னைப் பார்க்காமல் புள்ளிப் பலகையைச் சரிசெய்தான்.

சித்திரையில் இறுதி ஆட்டம். நாங்கள் இரண்டாம் இடம் வந்தோம். பள்ளிக்கூடத்திலேயே பரிசளிப்பு, அதன்பின் பிரியாணி. கோப்பையைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஒருவர் கைபேசியில் படம் பிடித்து, வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று பெரிய குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

மைக்கைப் பிடித்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. இரண்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. “இந்தக் கோப்பைக்கு எனக்கு உரிமை இல்லை. என் நண்பனுக்கு முட்டி வலியே கிடையாது. அவன் ஆட்டம் போதவில்லை என்று நான்தான் பொய் சொல்லி அவனை விலக்கினேன். அவன் பெருந்தன்மையாக அதை ஏற்றுக்கொண்டு நொண்டினான்” என்று எல்லாவற்றையும் சொன்னேன்.  சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. சிலர் கை தட்டினார்கள். ஒருவர் வந்து தோளைத் தட்டி, “இத ஒத்துக்க ஒரு மனசு வேணும்ணே” என்றார்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் எழுந்து நின்றிருந்தான். அத்தனை பேரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படி நடப்பது என்று ஒரு கணம் அவனுக்குத் தெரியவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு நேராக நடந்து வெளியே போனான். பிரியாணி சாப்பிடவில்லை. என் காரிலும் வரவில்லை.

அவன் போனை எடுக்கவில்லை. வைகாசி முழுக்கக் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒருநாள் பஸ் ஏறி லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். மருமகள் கதவைத் திறந்து, “வாங்க மாமா” என்று உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவன் வந்து எதிரே உட்கார்ந்தான்.

“மன்னிச்சிருடா” என்றேன். “பொய் சொன்னது தப்பு. அதனாலதான் எல்லார் முன்னாடியும்...”

“பொய் சொன்னதுக்கு உன்னை யாருடா கேட்டா?” என்றான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “அத நான் சுமந்துக்கிட்டு இருந்தேன்ல? ரெண்டு மாசம் நொண்டுனேன்ல? உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டேனா?”

“மனசு கேக்கலடா.”

“உன் மனசு கேக்கல, சரி. அதுக்கு என்னைத் தூக்கி நடுச் சபையில வெச்சுட்ட. முட்டி வலி இருந்தப்ப நான் ஆட்டக்காரன்டா. வலி வந்து உக்காந்திருக்கிற ஆட்டக்காரன். இப்ப நான் யாரு? ஆட லாயக்கில்லாதவன். என் மவன் பார்த்துட்டு அன்னிக்கே போன் பண்றான். ‘அத்தா, உங்களுக்கு எதுக்கு இந்த அவமானம், இனிமே வூட்டுலயே இருங்க’ங்கிறான். அதுவரைக்கும் தெனமும் ‘முட்டி எப்படி இருக்கு, சரியானதும் ஆடுங்க’ன்னு கேட்டுக்கிட்டிருந்தவன்.”

 உண்மையைச் சொல்கிறேன் என்று நான் இறக்கி வைத்த பாரம் எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் சொன்னான்:

“ஒன்னு செய். என்கூட ஒத்தைக்கு ஒத்தை ஆடு. யாரும் இல்லாதப்ப.”

ஒரு புதன்கிழமை காலையில் பெரம்பலூர்க் குடோனில் ஆடினோம். தகரம் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. அந்த வெள்ளைக் காலணியோடு வந்திருந்தான். முதல் சில புள்ளிகளில் நான் கையை அடக்கி, அவனுக்கு எட்டுகிற மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டேன். அவன் ஷட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வலைக்குப் பக்கத்தில் வந்தான்.

“இப்ப போட்டியே, அது எனக்கா, என் முட்டிக்கா?”

அதன்பின் நான் முழுதாக ஆடினேன். அவன் நின்ற இடத்துக்கு எதிர்மூலையில் போட்டேன். அவன் ஓடினான், எட்டவில்லை. வலையோரம் மெதுவாக இறக்கினேன். குனிந்தான், தவறவிட்டான். ரசிப்பதற்காக அவன் ஒருமுறைகூட நிற்கவில்லை. அவனை அப்படி அடிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நிறுத்துவது அதைவிடக் கேவலம் என்றும் தெரிந்தது. இருபத்தொன்றுக்கு ஐந்து. இருவருக்கும் மூச்சு வாங்கியது. விரிப்பின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தோம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. 

“இவ்வளவு மோசமாவாடா ஆடுறேன் நான்?” என்றான்.

“ஆமாடா.”

தலையை ஆட்டினான். காலணியின் கயிற்றை அவிழ்த்தான்.

“மாப்ள, இத நீ மாசியிலயே எனக்குக் காட்டியிருந்தீன்னா, அந்த பேங்க்காரரை நானே கையப் புடிச்சுக் கூட்டியாந்து உன் பக்கத்துல நிறுத்தியிருப்பேன். நீ என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லல. அங்க ஒருத்தர்கிட்ட சொன்ன, அப்புறம் ஊர்கிட்ட சொன்ன. என்கிட்ட மட்டும் சொல்லல.”

உண்மைதான். இத்தனை வருஷம் வகுப்பில் நின்று பேசியவன், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனிடம் பேச வேண்டிய ஒரே வாக்கியத்தைப் பேசவில்லை.

அவனைப் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். பஸ் கிளம்பும் வரை வெயிலில் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். கோபம் போய்விட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். அவனே முந்திக்கொண்டு, “கொஞ்ச நாள் வூட்டுக்கு வராத. நானே கூப்புடுறேன்” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான்.

இந்தத் தையில் மறுபடியும் ஆட்டம் தொடங்கிவிட்டது. என் ஜோடி யார் என்று பூச்சிமருந்துக் கடைக்காரர் கேட்டார். இந்த வருஷம் நான் ஆடவில்லை, அசதியாக இருக்கிறது என்றேன். அசதி உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வீட்டிலேயே இருக்கிறேன். கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். அவன் சொன்னால் செய்கிறவன், கூப்பிடுவான். இன்னும் கூப்பிடவில்லை.