மண்ணெண்ணெயில் ஊறிய மூன்று ரப்பர்

பிரேக் ஒயில் வாசம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ... லேசான இனிப்பு, நடுவில் ஒரு காரம். விரலில் பட்டால் வழுவழுவென்று நிற்கும். சவுக்காரம் போட்டாலும் லேசில் விடாது.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், என் தங்கை குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டு வாசலில், சிவப்புச் சிமெந்தில் அது சிந்திச் சாயம் உரிந்த இடம் இன்னும் இருக்கிறது. பலாக்கொட்டை அளவு. அங்கே போனால் நான் அதன்மேல் காலை வைத்துக்கொண்டுதான் நிற்பேன்.

தங்கை புருசன் பேர் யோகன். மாப்பிள்ளையைக் கேலி பண்ணும் உரிமையை மச்சான்காரனுக்குக் கல்யாணத்தன்றே எழுதிக் கொடுத்துவிடுவார்கள் எங்கள் பக்கம். நான் அதை ஒரு நாள்கூட வீணாக்கியதில்லை. அவன் திருப்பிப் பேசமாட்டான். சிரிப்பான், அவ்வளவுதான்.

மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். மனசெல்லாம் இரும்புமேல். தோட்டத்துத் துரை பங்களாவில் கோழி அடைந்து கிடந்த ஒரு பழைய மொரிஸ் மைனர் காரைக் கேட்டுக் கேட்டு வாங்கி, எட்டுப் பேரை விட்டுத் தள்ளி லயத்துக்குக் கொண்டுவந்தான். இஞ்சினுக்கு எப்படியோ உயிர் வந்துவிட்டது. பிரேக்தான் இல்லை.

பசறையில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸ் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

"பிரேக்க நீயே செஞ்சு, நீயே ஓட்டிக்கிட்டு எறங்கி வா. கராஜ் வாசல்ல வந்து நின்னா, மறுநாள்லருந்து என்கிட்ட வேல."

மலையை விட்டு இறங்க அவனுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

அந்தக் காரில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ட்ரைவர் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நாள்கணக்கில் படுத்துக் கிடந்து கழற்றினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் பழைய பேப்பரை விரித்து, புது ரப்பர் மூன்றை வரிசையாக வைத்தான். சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். பெடலை மிதித்தால் ஒயிலைத் தள்ளுவது அந்தக் கிண்ணம்தான். சிலிண்டரைத் துடைத்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், மறுபடியும் துடைத்தான்...

"என்ன மாப்ள, பெத்த புள்ளயக்கூட இப்புடித் தொடச்சிருக்க மாட்டே" என்றேன்.

"இதுல வேற எண்ணெ படக்கூடாது மச்சான். பிரேக் ஒயில் மட்டுந்தான்."

சொல்லிவிட்டுக் கை கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போனான். அங்கே யாரோ பேச்சுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ரப்பரை எடுத்துப் பார்க்கப் போய், ஒன்று சிமெந்தைத் தாண்டி மண்ணில் விழுந்தது.

நான் தேயிலை பெக்டரியில் மெசின் சாமான் கழுவுகிற ஆள். எங்களுக்கு எந்த அழுக்கும் மண்ணெண்ணெயில்தான் போகும். நட்டு, போல்ட்டு, சங்கிலி... ஊறப் போட்டு எடுத்தால் பளிச். விளக்குக்கு வைத்திருந்த போத்தலிலிருந்து ஒரு டின் மூடியில் ஊற்றினேன். ஒன்றை மட்டும் கழுவினால் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளுமே என்று மூன்றையும் போட்டேன். தங்கை கொடுத்த பிளேன்டியைக் குடித்து முடிக்கும்வரை ஊறியது. துடைத்து, பேப்பரில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். லயத்தில் மண்ணெண்ணெய் வாசம் யாருக்குப் புதிது? அவன் வந்து எடுத்து, பிரேக் ஒயிலை வாசலில் கொஞ்சம் சிந்திக்கொண்டே தடவிப் பூட்டினான்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், டயருக்கு அடியில் எலுமிச்சங்காய் வைத்து நசுக்கிப் புறப்பட்டோம். பக்கத்து சீட்டில் நான். மலைப்பாதையில் முதல் முடக்கு வளைவில் அழகாக நின்றது. அடுத்ததிலும் நின்றது. பிறகு பெடல் கல்லு மாதிரி ஆகிவிட்டது. காலை எடுத்தாலும் பிரேக் விடவில்லை. சக்கரத்திலிருந்து புகை. பாதி வழியில் கார் அசையாமல் நின்றது.

பின்னால் பசறை பஸ். அதிலிருந்த சனம் இறங்கி, காரைத் தூக்காத குறையாக ஓரத்துக்கு நகர்த்தியது. செய்தியும் அதே பஸ்ஸில் பசறைக்குப் போய்ச் சேர்ந்தது. பாஸ் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார், பிரேக் விளையாட்டுச் சாமான் இல்லை, பையன் மலையிலேயே இருக்கட்டும் என்று.

பிரேக் பைப்பைத் தளர்த்தி, வீட்டுக்கு இழுத்து வந்து கழற்றினால், ரப்பர் மூன்றும் உப்பிப் பிதுங்கி இருந்தன. திரும்ப சிலிண்டருக்குள் போகவே இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நாந்தான் சைஸ் மாத்தி வாங்கிட்டேன் போல" என்றான்.

மண்ணெண்ணெய் செய்த வேலை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. 'பிரேக் டொக்டர்' என்று அவனுக்குப் பேர் வைத்தேன். கல்யாண வீடு, திருவிழா, சாவு வீட்டில்கூட விடவில்லை. எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். காரை அப்புத்தளைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தான். ஸ்பேனரை அதற்குப் பிறகு தொடவே இல்லை.

போன மாதம் தங்கை வீட்டில் இருந்தேன். அவர்கள் மகன் த்ரீவீல் ஓட்டுகிறான். பிரேக் சரியில்லை, பாருங்கப்பா என்றான்.

"என் கைக்கு அதெல்லாம் சரிவராது. மாமாகிட்ட கேளு, அவருக்குத் தெரியும்" என்றான் யோகன்.

கேலி இல்லை... நிஜமாகவே சொன்னான். 

அப்போதுதான் சொன்னேன், ரப்பர் மண்ணில் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும். உரிந்த இடத்திலிருந்து காலையும் எடுத்துவிட்டேன். ஏசுவான் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் போட்டது சரியா மச்சான்?"

"சரிதான் மாப்ள."

"சைசும்?"

"எல்லாம் சரி."

தலையை ஆட்டினான். எழுந்து போய் மகனின் த்ரீவீலை ஒரு சுற்று சுற்றினான். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனியப் பார்த்தான்... முதுகு விடவில்லை. நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அந்த மொரிஸ் இப்போது அப்புத்தளையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் முன்னால், செங்கல்மேல் நிற்கிறது. வெள்ளைக்காரர்கள் சாய்ந்து நின்று போட்டோ எடுக்கிறார்கள். அதற்கு இனி பிரேக் தேவையில்லை.

போனைத் தட்டினால் இன்றைக்கு ஆயிரம் வீடியோ வருகிறது, பிரேக் ரப்பரை மண்ணெண்ணெயில் போடாதே என்று. அன்றைக்கு போனும் இல்லை, வீடியோவும் இல்லை. என் மாப்பிள்ளைதான் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னான்.