செவ்வாயில் தண்ணீர் கண்ட குடும்பம்

பெண்ணைப் பெற்றவன் வயிற்றெரிச்சலில் ஏசுகிறான் என்பார்களோ என்று பல வருஷம் இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன். முருகன்மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

அமெரிக்க விண்கலம் செவ்வாயில் இறங்கிய மறுவருஷம். பவானிபூரில் எனக்கு மளிகைக் கடை. படிப்பு எட்டாவதோடு சரி. மகளுக்குச் செவ்வாய் தோஷம். வந்த வரனெல்லாம் அதனாலேயே தட்டிப்போயிற்று. அப்போதுதான் லேக் கார்டன்ஸிலிருந்து ஒரு தமிழ் அதிகாரி, "நாங்க சயின்ஸ் குடும்பம், ஜாதகமெல்லாம் வேண்டாம்" என்று சொல்லியனுப்பிவிட்டு, மனைவி மகனோடு பெண் பார்க்க வந்தார். பையன் ஜாதவ்பூர் யுனிவர்சிடியில் பாறைகளை ஆராய்கிறவன். இதுவாவது அமையட்டும் என்று என் மனைவி கேசரியில் நெய்யைக் கொட்டியிருந்தாள்.

அதிகாரி கேசரியை வழித்தபடியே, "சொல்லுடா, அந்தச் செவ்வாய் மண்ணைப் பத்தி" என்று மகனைத் தூண்டினார்.

"அது ஒருவகைக் களிமண்ணா இருக்கலாம்னு நினைக்கறாங்க மாமா. பாறை தண்ணியில ரொம்பக் காலம் ஊறினா, அதுல இருக்கற கனிமம் மாறிக் களிமண்ணாகும். அங்க களிமண் இருந்தா, ஒரு காலத்துல தண்ணியும் இருந்திருக்கணும்."

அழகாகச் சொன்னான். எனக்கே புரிந்தது. இரண்டாவது காப்பி வந்ததும் அதிகாரி கேட்டார்:

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான்... பொண்ணுக்குச் செவ்வாய் எங்க இருக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எட்டுல" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அடடா. எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. வீட்ல ஒத்துக்க மாட்டாங்களே."

அவர் சொன்ன 'வீடு' பக்கத்தில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தது.

மகள் நேராகப் பையனைக் கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அப்பா சொல்றதுதான்."

"கோடி மைலுக்கு அந்தாண்ட இருக்கற பாறை தண்ணியில ஊறி மாறினதைக் கண்டுபிடிக்கறீங்க. உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கற பாறை எதுல ஊறினா மாறும்?"

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சயின்ஸ் குடும்பம் செருப்பைத் தேடிற்று.

நான் நவக்கிரகம் சுற்றுகிறவன். செவ்வாய்க்குத் துவரை படைக்கிறவன். பயம் இருந்தால் பயம் என்று சாமி முன்னால் சொல்லி அழுவேன். சபையில் களிமண் கதை, காப்பி குடித்ததும் எட்டாம் இடம் என்று அலைகிற ரகத்துக்கு எந்தக் கிரகம் இரங்கும்?

"இனிமே யார் முன்னாடியும் தட்டோட வந்து நிக்க மாட்டேன்பா" என்றாள் மகள். நானும் நிற்கவைக்கவில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் மகள் கேட்டதை மட்டும், காரம் குறைக்காமல், அவள் கேட்டபடியே சொல்லுங்கள்.