கிடைத்தது ஒருவர்தான் என்றார்கள்

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. கடற்கரையில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பதற்காக நானும் என் கணவரும் சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குக் காரில் கிளம்பினோம். மீன் பிடிக்கும் ஆசை எனக்குத்தான். அவருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. "எனக்கு பக்கெட் தண்ணியே போதும். நீ பிடி, நான் வண்டி ஓட்டுறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இப்படி ஓர் ஆசை எங்கிருந்து வந்தது என்று அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு மாலை நேரத்தில் என்னால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். அப்படி நடந்துகொண்டே பார்த்த ஒரு வீடியோவில், யாரோ ஒரு பெண் அலையில் முழங்கால் நனைய நின்று தூண்டிலை வீசினாள். அது எங்கேயோ தூரத்தில் போய் விழுந்தது. எனக்கும் அப்படி எதையாவது தூரமாக வீச வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதங்கள் இதே வேலை. ராடு வாங்கினேன், ரீல் வாங்கினேன், உப்புத் தண்ணீரில் துருப் பிடிக்காத முள் தேடி அலைந்தேன். மொட்டை மாடியில் வீசிப் பழகும்போது ஈயக்குண்டு பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த புடவையில் மாட்டிக்கொண்டு, அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டி ஒரு குப்பத்தில் இருக்கும் தன் உறவுக்காரர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். படகு வைத்திருப்பவர். அவரை நான் அண்ணன் என்றே கூப்பிட்டேன்.

முதல் பேச்சிலேயே அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "போட்ல ஏத்த மாட்டேன்மா, சவாரிக்குத் தடை இருக்குது. கரைலேந்து போடுங்க. ஊட்ல தங்கிக்கலாம், எங்க ஊட்டம்மா சமைச்சிப் போடும்." சரி என்றேன். அப்புறம் அவரை நான் விடவில்லை. கொடுவா மீன் கிடைக்குமா, மடவை மீன் எந்த நேரத்தில் வரும், காற்று எப்படி இருக்கும் என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்டுவிடுவேன். "காத்து இன்னா நம்மளக் கேட்டுக்கினா வருது?" என்று சிரிப்பார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்வார். கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், "நான் காலைல கரைக்கு வந்துருவேன்மா. வந்ததும் நானே எடம் காட்றேன்" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வந்திருக்கவில்லை. அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிட்டவர், வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் பைகளை வாங்கி உள்ளே வைத்து, டீ கொடுத்தார். "தம்பியும் அவருமா போயிருக்காங்க. வர்ற நேரந்தான்" என்றார். அண்ணனுடன் பிறந்த அந்தத் தம்பிக்குப் பக்கத்து வீடுதான். அவர் மனைவி சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அவள் உள்ளே வருவதும் வாசலுக்குப் போவதுமாக இருந்தாள்.

காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. நான் ராடை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். முள்ளில் இறாலைக் கோத்தேன். வீசவில்லை. மற்ற படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன என்பது எனக்கே தெரிந்தது. மணலில் வரிசையாக நின்ற படகுகளுக்கு நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே நின்ற இரண்டு பேர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கடலைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். நான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டில் அண்ணி சமைத்துக்கொண்டிருந்தார். நண்டு கழுவினார், மசாலா அரைத்தார், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினார். "அண்ணி, இப்ப சாப்பாடெல்லாம் எதுக்கு?" என்றேன். "இன்னா பண்றது சொல்லு? சும்மா குந்திக்கினு இருக்க முடியல" என்றார். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. இன்னொன்றும் மனதைக் குடைந்தது. நாங்கள் வருகிறோம் என்று நல்ல மீன் தேடித்தான் இந்தக் காற்றில் போனாரோ? தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்காக ஒண்ணும் போவல. தெனம் போறதுதான்."

மதியத்துக்குள் ஊரே கரையில் கூடிவிட்டது. நான்கைந்து படகுகள் தேடிக் கிளம்பின. தகவல் சொல்லவேண்டிய இடங்களுக்கெல்லாம் சொன்னார்கள். என் கணவர், தண்ணீர்ப் பக்கமே வராதவர், அலை காலில் படுவது தெரியாமல் அவர்களோடு நின்றிருந்தார்.

அப்போதுதான் அண்ணியின் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தெலுங்குக்காரர் யாரோ. அண்ணியின் பிறந்த ஊர் ஆந்திர எல்லையில் இருக்கும் சுண்ணாம்புக்குளம் என்பதால் தெலுங்கு நன்றாகத் தெரியும். காற்றில் கேட்கவில்லை என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் பேசினார். பேசி முடித்து, போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஆந்திரா போட்டுக்காரங்க. நம்ம போட்டு கவுந்து கெடந்துச்சாம். ஒருத்தரு அதப் புடிச்சிக்கினு இருந்தாராம். தூக்கினு போயி சூளூர்ப்பேட்ட ஆஸ்பத்திரில சேத்திருக்காங்களாம். போட்டுல எழுதியிருந்த நம்பரப் பாத்துக் கூப்பிட்டாங்களாம்."

"யாரு?" என்றாள் சின்னவள்.

"பேரு தெரியலயாம். பேசற நெலமையில இல்லயாம். லைனு கட்டாயிடுச்சி."

திரும்பக் கூப்பிட்டால் அந்த எண் அணைந்திருந்தது. ஊர் ஆட்கள் வேன் ஏற்பாடு செய்ய ஓடினார்கள். எங்கள் கார் வாசலிலேயே நின்றது. "ஏறுங்க, போலாம்" என்றார் என் கணவர். அண்ணியும் சின்னவளும் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால் உட்கார்ந்தேன்.

பொன்னேரியைத் தாண்டினோம். இரண்டு பேர் போனார்கள், கிடைத்தது ஒருவர். அந்த ஒருவர் யாருடையவர் என்று தெரியாமல் இரண்டு மனைவிகள் ஒரே இருக்கையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். நன்றாக இருக்கட்டும் என்று வேண்டத் தொடங்கினால், யார் என்ற இடத்தில் வேண்டுதல் நின்றுவிடும். அண்ணனின் குரல் எனக்குப் பழக்கம். அந்தத் தம்பியை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அழுதுகொண்டிருப்பவள் அவன் மனைவி.

கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போது சின்னவள் கேட்டாள். "யாரா இருக்கும்க்கா?"

"யாரா இருந்தாலும் நம்மாளுதான்."

கொஞ்ச நேரம் கழித்து அவள் உடைந்துபோய்ச் சொன்னாள். "எனக்கு அவரு பேருதான்க்கா வாயில வருது. மாமா பேர வேண்டிக்கணும்னு பாக்கறேன், வரமாட்டேங்குது. என்ன மன்னிச்சிருக்கா."

அண்ணி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "உன் ஊட்டுக்காரன நீ வேண்டிக்காம யாரு வேண்டிக்குவா? நல்லா வேண்டிக்கோ. நானும் அவனத்தான் வேண்டிக்கினு வரேன்."

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இந்த அம்மாவால் எப்படி இப்படிப் பேச முடிகிறது? மனதைக் கல்லாக்கிக்கொண்டுவிட்டாரா, இல்லை, தன் கணவர் இல்லை என்றே முடிவு செய்துவிட்டாரா? கேட்கும் தைரியம் எனக்கில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் சின்னவளைக் குடிக்க வைத்தார். தான் குடிக்கவில்லை.

ஆரம்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் சின்னவளின் போன் அடித்தது. ஊரிலிருந்து. அவள் அதை எடுக்கவே இல்லை. நெருப்பைத் தொட்டவள் போல, முன்னால் எட்டி என் மடியில் போட்டாள். "நீங்க பேசுங்கக்கா, என்னால முடியாது."

நான் எடுத்தேன். கரகரத்த ஓர் ஆண்குரல். "ஹலோ, யாரு? எங்க ஊட்டுல இல்லயா?"

'ஊட்டுல' என்று அவன் கேட்டது தன் மனைவியை என்று எனக்குப் புரிந்தது. ஸ்பீக்கரை அழுத்திப் பின்னால் நீட்டினேன். "உன் வீட்டுக்காரர்தான்மா. பேசு."

கார் முழுக்க அவள் அலறல். அந்தப் பக்கம் அவனும் அழுதான். படகு கவிழ்ந்ததும் அலை அவனை அண்ணனிடமிருந்து பிரித்துவிட்டதாம். காலி கேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். தேடிப் போன படகுகளில் ஒன்று அவனைத் தூக்கிக்கொண்டு இப்போதுதான் கரைக்கு வந்ததாம். "அண்ணன் இன்னா ஆனாருன்னு தெரியலயே. என் கண்ணு முன்னாடிதான் முழுவினாரு" என்று அவன் கதறினான்.

சின்னவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். அவன் கரையில் இருக்கிறான் என்றால் ஆஸ்பத்திரியில் இருப்பது யார்? அவள் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா! அப்ப அங்க இருக்கறது மாமா! மாமா உசுரோட இருக்காரு!"

அண்ணி தலையை ஆட்டினார். "தெரியும்."

என் கணவர் காரை ஓரம் கட்டிவிட்டார்.

"எடது கையில ஒரு வெரலு பாதிதான் இருக்குதுன்னு அந்தாளு சொன்னான். இஞ்சின் பெல்ட்டுல மாட்டிப் போன வெரலு அவருக்குத்தான்" என்றார் அண்ணி.

"தெரிஞ்சிக்கினேவா வந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள் சின்னவள்.

"எந்த வாயால சொல்றது? எனக்குக் கெடச்சிட்டாரு, உனக்கு இல்லனு சொல்றதா? நீ பக்கத்துல குந்திக்கினு இருக்கசொல்ல நான் சிரிக்கறதா?"

சொல்லிவிட்டு அண்ணி கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. லாரிகள் போகும் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சின்னவள் ஓடிப்போய் அவர் முதுகில் இரண்டு அடி போட்டாள். பிறகு கட்டிக்கொண்டாள். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எதுவோ விபரீதம் என்று எழுந்து வந்தார்கள். "ஒண்ணுமில்லைங்க, நல்ல சேதிதான்" என்று அவர்களிடம் சொன்னேன். அந்தக் கடைக்காரர் நாலு டீயைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார்.

சூளூர்ப்பேட்டை ஆஸ்பத்திரியில் அண்ணன் படுத்திருந்தார். உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. அவரைக் காப்பாற்றிய ஆந்திரப் படகுக்காரர்களில் ஒருவர், அண்ணனுக்குத் தன் லுங்கியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலருகே ஸ்டூலில் காத்திருந்தார். பழவேற்காட்டு ஏரியில் எல்லை, வலை என்று அந்தப் பக்கத்து ஆட்களோடு அடிக்கடி தகராறு வரும் என்று அண்ணன் போனில் ஒருமுறை சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. அண்ணி அந்தப் படகுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். "அன்னா" என்று தொடங்கித் தெலுங்கில் ஏதோ சொல்ல வந்தார், அழுகை முந்திக்கொண்டது. அந்த மனிதர் கட்டிலைக் கையால் காட்டி, போய் உங்கள் கணவரைப் பாருங்கள் என்பதுபோல் தள்ளி நின்றார்.

அண்ணன் கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி?"

"ஊட்ல சோறு துன்னுக்கினு இருக்கான்" என்றார் அண்ணி.

அண்ணன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. பிறகு எங்களைப் பார்த்தார். யாரென்று அண்ணி சொன்னதும் அந்த நிலையிலும் முகத்தில் ஒரு சங்கடம். "வந்துட்டீங்களாமா? நான்தான் எடம் காட்றேன்னு சொல்லிக்கினு... தூண்டிலு போட்டீங்களா?"

நான் போடவில்லை அண்ணா என்று சொல்லி அழுதுவிட்டேன். என் கணவர்தான் அவர் கையைப் பிடித்து, "நீங்க எழுந்து வாங்க, அப்புறம் போடலாம்" என்றார்.

அன்று இரவு நாங்கள் பழவேற்காட்டில் தங்கவில்லை. அண்ணியைக் கணவரோடு விட்டுவிட்டு, சின்னவளை அவள் வீட்டில் இறக்கிவிட்டு, சென்னைக்கு வந்துவிட்டோம். தை மாதத்தில் மறுபடி போனோம். தேறிவிட்ட அண்ணன், சொன்னபடி இடம் காட்டினார். எனக்கு ஒரே ஒரு கிழங்கான் மீன் கிடைத்தது.

ஆனால் அந்தப் பயணத்திலிருந்து நான் கொண்டுவந்தது வேறு. பழவேற்காட்டிலிருந்து ஆரம்பாக்கம் வரை, தன் கணவர் பிழைத்துவிட்டார் என்ற செய்தியை அந்த அம்மா வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். நான் அதைக் கல் மனது என்று நினைத்தேன். அண்மையில் ஒரு பரிசோதனை நிலையத்தில் என் ரத்தப் பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. மகளைக் கூப்பிட்டுச் சொல்லப் போனை எடுத்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் தன் முடிவுக்காக விரலை விரலால் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அவள் பெயரைக் கூப்பிடும்வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். நம் சந்தோஷம் எங்கேயும் ஓடிவிடாது, பக்கத்தில் இருப்பவருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கும் என்பதை, ஓரிடத்தில் உட்காரத் தெரியாத எனக்கு அண்ணிதான் காட்டினார்.